ஐந்து மணி வரை உத்தரவாதம்

“இந்த றொபர்ட் எண்டவன் மட்டும் எண்ட கையில ஆப்பிட்டான் எண்டா, மூஞ்சப் பேத்துருவன்!”

அஸ்பாக் மேசையில் ஓங்கி அடித்த அடியில் லெப்டொப் ஒருமுறை துள்ளியது. துள்ளியதே தவிர வேகம் கூடவில்லை. திரையில் கல்யாண வீடியோ தயாராவதைக் காட்டி முப்பத்தெட்டு வீதத்தில் நின்ற கோடு, முப்பத்தெட்டிலேயே நின்றது.

“மேசைக்கு அடிச்சி என்ன செய்ய? இண்டைக்கி அஞ்சி மணியோட வொறண்டி முடியிது” என்றாள் அவன் மனைவி ஸாதியா. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

ஸாதியா கல்யாண வீடியோ தொகுப்பவள். காத்தான்குடியில் பெண்கள் பக்கத்துக் கொண்டாட்டத்தைப் பெண்தான் படம் பிடிப்பாள், பெண்தான் வெட்டி ஒட்டுவாள். அந்நிய ஆண் ஒருவன் கண்ணில் ஒரு காட்சி பட்டாலும் அவளுடைய தொழில் அன்றோடு சரி. அதனால் லெப்டொப்பைக் கடையில் திருத்தக் கொடுக்கவும் முடியாது. கம்பனி புதியதைத் தந்தால், எல்லாவற்றையும் அதில் மாற்றி, பழையதைத் துடைத்து அனுப்பிவிடலாம். அவளுக்கிருந்த வழி அது ஒன்றுதான்.

லெப்டொப் கொழும்பில் மாமா மஜீட் வாங்கிக் கொடுத்தது. பில்லில் இருப்பதும் அவருடைய பெயர்தான், அவருடைய தெமட்டகொடை விலாசம்தான். நாலு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு பிடித்தது சனியன். பத்து நிமிடம் வேலை செய்யும், அடுப்பாகச் சுடும், அப்புறம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு படுத்துவிடும்.

ஒன்பது முறைப்பாடு அனுப்பியாயிற்று. ஒன்பதையும் மாமாவின் பெயரில் ஆங்கிலத்தில் எழுதியவன் அஸ்பாக்தான். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்லைனில் ஆங்கிலம் படிப்பிக்கிறவன். அவனுக்கு அது பெரிய காரியமில்லை.

கம்பனியிலிருந்து றொபர்ட் என்பவன் பதில் போடுவான். மென்பொருளைப் புதுப்பியுங்கள். காற்றாடியைத் துடையுங்கள். வேகம் குறைவது பழுதல்ல, கணினியைப் பாதுகாக்கும் ஏற்பாடு. இதே மொடலை வாங்கி ஏமாந்த நாலாயிரம் பேர் முகநூலில் ஒரு குழு வைத்துப் புலம்புகிறார்கள். அவர்களுக்கும் எழுத்துப் பிசகாமல் இதே பதில்தான்.

இன்று காலை ஸாதியா கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். உள்சூடு தொண்ணூற்றேழு பாகை என்று திரை காட்டுவதையும், கோடு நகராமல் நிற்பதையும் கைபேசியில் படமெடுத்து அனுப்பிவிட்டாள். இனிப் பழுதில்லை என்று எவனும் சொல்ல முடியாது.

“அழாத புள்ள, இண்டைக்கிப் பதில் வரும் பாரு” என்று அவள் தலையைத் தடவினான் அஸ்பாக். “எனக்கு நாலரைக்குக் கிளாஸ் இரிக்கி.” காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

ஸாதியா மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தொழில் தப்புமா, இல்லையா என்பது இனி றொபர்ட்டின் கையில். அவள் வாய் ஸலவாத்தை முணுமுணுத்தது.

நாலு ஐம்பத்திரண்டுக்குப் பதில் வந்தது.

‘தாங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தோம். பழுது இருப்பதை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் இது வாவியைப் பார்த்த ஜன்னலோரத்தில், உப்புக் காற்றில் வைத்துப் பாவித்ததால் வந்த பழுது. பாவனையாளரின் கவனக்குறைவுக்கு உத்தரவாதம் செல்லாது. முறைப்பாடு மூடப்படுகிறது. அன்புடன், றொபர்ட்.’

ஸாதியா கடைசி வரியை மீண்டும் வாசித்தாள். அன்புடனாம், அன்பு!

“வாவிக் கரையில ஊடு கட்டித் தந்தது எங்கட வாப்பாட குத்தமாடா?” என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. வாடிக்கைக்காரி சித்தி நபீஸா. மூத்த மகளின் கல்யாண வீடியோவுக்காக இரண்டு மாதமாகக் காத்திருப்பவர். மகள் அதைப் பார்க்காமலே கத்தாருக்குப் போய்விட்டாள்.

“கோவிக்காதங்க மகள். எங்கட சின்னவட கலியாணத்த ஏறாவூர்ப் புள்ள ஒண்டுக்கிட்ட சொல்லிட்டம். ஒங்களையே நம்பி எத்தின நாளைக்கித்தான் நாங்க இரிக்கிற?”

அடுத்த மாதத்துக்குக் கைவசம் இருந்தது அந்த ஒரு கல்யாணம்தான். ஸாதியா கைபேசியை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள்.

சத்தம் கேட்டு அஸ்பாக் ஓடிவந்தான். பதிலை வாசித்தான். பல்லைக் கடித்தான்.

“ஈவிரக்கமில்லாத கள்ளனுகள்! நாலாயிரம் பேர்ட வயித்தெரிச்சல் சும்மா உடாது புள்ள. நீ மொகத்தக் கழுவு. கிளாஸ முடிச்சிட்டு ஓடி வாறன்.”

அவள் கண்ணைத் தான் கட்டியிருந்த சாரத்தின் நுனியாலேயே துடைத்துவிட்டுப் போனான். ஸாதியாவுக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. கம்பனி கைவிட்டது, வாடிக்கையும் கைவிட்டது. கட்டினவன் கைவிடவில்லை, அது போதும் என்று நினைத்தாள்.

எழுந்து முகத்தைக் கழுவினாள். அவனும் பாவம், தனக்காக எவ்வளவு துடிக்கிறான் என்று இஞ்சி போட்டுப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு அறைப் பக்கம் போனாள். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. முதுகைக் காட்டியபடி அஸ்பாக் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

“ஓம் சேர், றொபர்ட்தான் பேசுறன்... எண்ட பொஞ்சாதிட முறைப்பாட்டையே மூடிட்டன், இனியாவது எண்ட வேலய நிரந்தரமாக்குங்க.”