உலையில் வைத்த ரொட்டி

"நோன்பு மாசத்துல, பட்டப்பகல்ல ரொட்டி சூடு பண்ணினியா?"

முதலாளி ஹாஜி பத்ராவி போட்ட சத்தத்தில் வார்ப்படப் பட்டறையே நின்றுவிட்டது.

நபவிய்யா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா ஹாஜி. பசி தாங்கல. தினமும் உலை மூடியைத் திறந்து திறந்து உள்ளே வெச்சேன்."

சோதனை அறையைக் கூட்டித் துடைப்பது நானும் அவளும்தான். பஸ்ஸுக்குப் பிரேக் டிரம் வார்க்கிற இரும்பில் ஒரு கம்பி கடைந்து, அதில் பாரம் கட்டி உலைச் சூட்டில் சுழற்றுவார்கள். ஒரு கோடி சுற்று முறியாமல் ஓடினால்தான் சரக்கு வெளியே போகும். சூடு குறைந்தால் இரும்பு கூடுதலாகத் தாங்கிவிடும். அப்புறம் அது சோதனையே இல்லை.

இந்தத் தடவை கம்பி தாங்கிவிட்டது. பள்ளிக்கூட பஸ் கம்பெனியிலிருந்து மேடம் இஸ்மத் சான்றிதழ் வாங்க வந்து உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் இவள் வாயைத் திறந்தாள்.

"வெட்கமா இல்லை உனக்கு?" எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியது இன்ஜினியர் ரவூஃப்தான். "அஞ்சு நாள் உழைப்பு உன் வயித்துக்குள்ள போச்சு!"

மேடம் பேனாவை மூடினார். "மறுபடி ஓட்டுங்க. சூடு பார்க்க என் ஆள் பக்கத்துலயே உட்காருவார்."

இன்ஜினியர் சான்றிதழை மெல்ல மடித்துப் பைக்குள் வைத்தார்.

நபவிய்யாவை அங்கேயே வேலையை விட்டு நிறுத்தினார்கள். வாசல் காவலாளி, "அடுத்த பட்டறைக்குக் கோழியும் கொண்டு போ!" என்று சிரித்தான்.

மைக்ரோபஸ் நிறுத்தத்தில் நானும் விடவில்லை. "ஏண்டி, பொழுது சாயுற வரைக்கும் பொறுக்க முடியாதா?"

நோன்பு திறக்கிற பாங்கு கேட்டது. வழியில் நின்ற ஒருவர் எங்களுக்குப் பேரீச்சை நீட்டினார். பிஸ்மில்லா சொல்லி அவள் அதை வாயில் வைத்தாள். உதடு வறண்டு வெடித்திருந்தது.

"நீ நோன்பா?"

"ஒண்ணுகூட விடலை. நோன்போட பொய் சொன்னதுக்கு அல்லாஹ் மன்னிக்கட்டும்."

"அப்போ அந்த ரொட்டி?"

"எந்த ரொட்டி? மூடியை நான் தொடவே இல்லை. சூடு காட்டுற கண்ணாடியில எப்பவும் ஐந்நூறு நிக்கும். இந்த அஞ்சு நாளும் முந்நூறு. இன்ஜினியர் குறைச்சு வெச்சது."

"அதைச் சொல்லியிருக்கலாமே!"

"தரை கூட்டுறவ இன்ஜினியரைப் பொய்யன்னு சொன்னா யாருடி நம்புவா? கூட்டுறவ தின்னுட்டான்னா உடனே நம்புவாங்க."

கொட்டையைக் கையில் துப்பிக்கொண்டாள். "எனக்குப் புள்ளை குட்டி இல்லை. உன் மக ஹனா அந்த பஸ்லதானே பள்ளிக்கூடம் போறா?"

மறுசோதனையில் கம்பி இரண்டாம் நாளே முறிந்தது.

அன்றைக்கு நிறுத்தத்தில் அவளிடம் நான் ஒன்று சொல்லவில்லை. அந்தக் கண்ணாடியை நானும்தான் துடைத்தேன். முந்நூறை நானும்தான் பார்த்தேன்.