டைகர் ஏன் குரைக்கவில்லை?

"போஸ்ட்மேனை நாலு வருசமாப் பாக்குது, இன்னும் கடிக்கப் போகுது. அந்தப் பயலை மட்டும் பாத்து ஏன் குலைக்கல?"

அய்யம்பெருமாள் இதே கேள்வியை மூன்றாம் தடவையாகக் கேட்டார். திருமழபாடியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் புறப்பட்டுப் போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. மனைவி ரத்தினம்மாள், யாரும் தொடாத காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். இத்தனைக்கும் காரணமான டைகர் வாசலில் நிம்மதியாகப் படுத்திருந்தது.

டைகர் என்றால் அரியலூரில் அந்தத் தெருவுக்கே பயம். உயரம் ராஜபாளையம், முகம் அல்சேஷன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்து ஆபீசர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தன்னை நம்பி ஒப்படைத்த ஒசத்தி கிராஸ் என்று அய்யம்பெருமாள் எல்லோரிடமும் சொல்லுவார். தெருநாய் மாதிரி சுருண்டிருக்கும் வாலைப் பற்றி மட்டும் பேச மாட்டார். வளர்ப்பதெல்லாம் மகள் அம்சவள்ளிதான். கம்பஞ்சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உண்ணி பொறுக்கி, வேப்பெண்ணெய் தடவிக் குளிப்பாட்டுவாள். அவள் பேச்சுக்கு மட்டும்தான் அது அடங்கும்.

அப்பேர்ப்பட்ட நாய், மாப்பிள்ளை தர்மன் வாசல்படி ஏறியதும் ஓடிப்போய் அவன் காலைச் சுற்றிக் குழைந்தது. தரையில் புரண்டு வயிற்றைக் காட்டியது. அம்சவள்ளி வந்து ஓர் அதட்டல் போட்ட பிறகுதான் எழுந்து போனது. அதைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

"அவன் இதுக்கு முன்னால இந்த வூட்டுக்கு வந்திருக்கான். நாய் காட்டிக் குடுத்துடுச்சு, அதான் அந்தம்மா பயந்துட்டா" என்றார் அய்யம்பெருமாள்.

போன மாதம்தான் பின் தெருவில் டிரான்சிஸ்டர், பித்தளை அண்டா எல்லாம் திருட்டுப் போயிருந்தது. கை வைக்கப்போகிற வீட்டு நாய்க்குப் பத்து நாள் முன்பிருந்தே பொறை வாங்கிப் போட்டுப் பழக்கிவிடுவார்களாம். அவர் கொல்லைப் பக்கம் போய்ச் சுவரையும் தாழ்ப்பாளையும் சோதித்தார். வேலியோரம் கிடந்த ஒரு பீடித் துண்டைக் கொண்டுவந்து காட்டினார். அது அவருடைய தம்பி போட்டது என்று ரத்தினம்மாள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

"அந்த ஆபீசர் வூட்ல எங்கியாச்சும் பாத்துப் பழகியிருக்குமோ என்னவோ" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"ஆபீசரை எதுக்கு இதுல இழுக்கற?" என்று எரிந்து விழுந்தார்.

திருட்டு இல்லையென்றால் அதைவிட மோசமான இன்னொன்று இருந்தது. மகளைக் கூப்பிட்டு, அவனை முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். அவர் நம்பவில்லை. கல்லங்குறிச்சிப் பெருமாள் படத்துக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றி, அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். அவள் அழுதுகொண்டே அணைத்தாள். வயது இருபத்தாறு, தட்டிப்போன வரன்கள் ஐந்து. இந்த மாப்பிள்ளையைத்தான் பிடித்திருக்கிறது என்று முதல்முறையாக அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். பாழாய்ப்போன சந்தேகத்தால் இதுவும் கைநழுவுகிறதே என்று ரத்தினம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, இந்த இடம் வேண்டாம் என்று தரகர் முத்துசாமியிடம் சொல்லிவிட்டு வர அய்யம்பெருமாள் சட்டையை மாட்டினார். அதற்குள் முத்துசாமியே தர்மனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். டைகர் மறுபடியும் அவன் காலடியில் போய் விழுந்தது.

அய்யம்பெருமாள் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "எத்தன தடவ இந்த வூட்டுக்கு வந்திருக்கீங்க, தம்பி?"

"நேத்து ஒரு தடவதாங்க."

"கற்பூரம் அணைப்பீங்களா?"

சம்பந்தம் பேச வந்த இடத்தில் இதென்ன பேச்சு என்று முத்துசாமி குறுக்கே விழுந்து தடுத்தார். தர்மன் உள்ளே போய், படத்துக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையால் அணைத்துவிட்டு வந்தான். கதவுக்குப் பின்னால் அம்சவள்ளி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

அய்யம்பெருமாள் விடுவதாக இல்லை. "அப்ப இந்த நாய் உங்களைப் பாத்து ஏன் குலைக்கல? அதைச் சொல்லாம பொண்ணு கெடையாது."

தர்மன் தயங்கினான். குனிந்து நாயின் காதுக்குப் பின்னால் தடவிக் கொடுத்தான்.

"சொல்ல வேணாம்னுதான் நெனச்சேன், மாமா. நாலு வருசத்துக்கு முன்னால கல்லங்குறிச்சித் தேருக்கு வந்தப்ப, வண்டிக்கடியில கட்டிப் போட்டிருந்த எங்க நாயை யாரோ கயித்தை அறுத்து ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. நேத்து பாத்ததுமே, இது நம்ம செவலைதான், இந்த வூட்ல கை நனைக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. அறுத்தது யாரா வேணா இருக்கட்டும், இதை இவ்வளவு நல்லா வளத்த பொண்ணு எனக்குப் போதும்னு அவங்களைச் சமாதானம் பண்ணிட்டு, சம்மதம் சொல்லத்தான் வந்தேன்."