ஒற்றைக் கையால் திறக்கும் கத்தி

வாழைச்சேனை ஹாட்வெயார் கடையின் கண்ணாடி மேசையில் ஆறு மடக்குக் கத்திகள் காலை வெயிலில் மின்னுகின்றன. கம்சாயினி வாசலில் இருக்கும் தண்ணீர் வாளியில் வலக்கையை முக்கி எடுக்கிறாள். இடக்கையால் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி, ஈரம் சொட்டும் பெருவிரலால் விலை குறைந்த கத்தியைத் திறக்கப் பார்க்கிறாள். நகம் வழுக்குகிறது, அலகு அசையவில்லை. அடுத்ததும் அப்படித்தான். "ரெண்டு கையாலயும் திறந்து பாருங்க மகள், லேசா வரும்," என்கிறார் கடைக்காரர் நளீர். "மற்றக் கை வலையில இரிக்கும் நானா," என்கிறாள் கம்சாயினி, அவரை அண்ணன் முறை வைத்து. நளீர் அடுத்த கத்தியை அவள் பக்கம் நகர்த்துகிறார். போன மாதம் வாவியில் வலை காலைச் சுற்றி மூழ்கிப்போன அவள் புருஷனைக் கரையில் கிடத்தியபோது, சட்டைப்பைக்குள் கத்தி மடித்தபடியே இருந்ததை அவரும் பார்த்தவர். நாளைக்கு அதே தோணியில் அவள் போகிறாள். ஐந்தாவது கத்தி, விரல் பட்டதுமே 'டக்'கென்று விரிகிறது. அவள் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம். விலையைக் கேட்கிறாள். பிறகு அதை மடித்து, முந்தானையால் ஈரம் துடைத்து, அவர் பக்கமாகத் தள்ளி வைக்கிறாள். முதலில் பார்த்த, திறக்க மறுத்த கத்தியையே எடுத்துக் காசைக் கொடுக்கிறாள். நளீர் அதைப் பழைய பேப்பரில் சுற்றுகிறார். அவள் வாங்கிப் பிரிக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அலகை இழுத்துத் திறக்கிறாள். "இப்பிடியே சுத்தித் தாங்க நானா. இத இனி மடிக்கிறதில்ல." அவர் சுற்றுகிறார். நுனி பேப்பரைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. இன்னொரு தாளை எடுக்கிறார். அதுவும் கிழிகிறது.