கியர் டீச்சரின் டெஸ்ட்

மாமியார் ஃபெயிலாகட்டும் என்று எந்த மருமகளும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். மனசுக்குள் நினைத்துக்கொள்ள லைசென்ஸ் எதுவும் தேவையில்லை.

டிரைவிங் டெஸ்ட் நடக்கும் ஆபீஸ் வாசலில், பெஞ்சில் உட்கார்ந்து அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கணவன், ரிசல்ட் ஏற்கெனவே வந்துவிட்ட மாதிரி கால்மேல் கால் போட்டிருந்தான்.

"அம்மா யாரு? ஊர்ல பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தவங்க. இந்த ஆபீசர் என்ன அவங்களை டெஸ்ட் பண்றது? அவங்க இவரை டெஸ்ட் பண்ணாம இருந்தா சரி!"

பொய்யில்லை. மாமியார் சொந்த ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். 'கியர் டீச்சர்' என்றால் தெரியாத ஆள் கிடையாது. கிளட்ச்சைத் தப்பாக விட்டால் முழங்காலில் ஸ்கேலால் ஒரு போடு விழும். ஓட்டுவது போலீஸ்காரராக இருந்தாலும் விழும். மாமனார் போன பிறகு ஸ்கூலை மூடிவிட்டு, மகன் இருக்கும் இந்த நாட்டுக்கே வந்துவிட்டார்.

அந்த நாட்டு லைசென்ஸை இந்த நாட்டு லைசென்ஸாக மாற்ற வகுப்பு, எழுத்துப் பரீட்சை எதுவும் வேண்டாம். ஒரு தடவை ரோட்டில் ஓட்டிக் காட்டினால் போதும்.

மருமகளிடம் மாற்றுவதற்கு லைசென்ஸே இல்லை. அவள் நர்ஸ். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. வண்டி ஓட்டத் தெரிந்தால் உடனே வந்து சேரலாம் என்றார்கள். கிளாஸில் சேர்த்துவிடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"அதான் அம்மா வந்துட்டாங்கல்ல?" என்றான் கணவன், ஒரு நாள் வீட்டில். "அவங்க லைசென்ஸை மாத்திட்டா உன்னை எங்க வேணும்னாலும் கொண்டு போய் விடுவாங்க. உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"

"மாமியார் கார் ஓட்ட, நான் பின்னாடி உக்காந்து போய் ஊசி போடணுமா?"

"ஜம்முனு போயேன். யாருக்குக் கிடைக்கும்?"

மாமியாரும் அப்போது அங்கேதான் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "இவளுக்கு எதுக்குடா ஸ்டியரிங்? மிக்ஸியையே தெருமுனை வரைக்கும் கேக்கற மாதிரி ஓட்டறா" என்றார்.

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். மருமகள் அன்று முழுக்கப் பாத்திரங்களோடு மட்டும்தான் பேசினாள். கொஞ்சம் சத்தமாகவே.

இதோ, வண்டி திரும்பி வருகிறது.

முன்சக்கரம் நடைபாதை ஓரத்தில் ஏறி, யோசித்து, இறங்கியது. இரண்டு வண்டி நிற்கும் இடத்தில் குறுக்கே படுத்துக்கொண்டது. கொளுத்துகிற வெயிலில் வைப்பர் இரண்டும் மும்முரமாக ஆடிக்கொண்டிருந்தன.

ஆபீசர் முதலில் இறங்கினார். இறங்கியதும் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

"ஸாரி, ஃபெயில். வலது பக்கம் திரும்பச் சொன்னேன். வைப்பரைப் போட்டுட்டு இடது பக்கம் திரும்பினாங்க. சிவப்பு விளக்குல கோட்டைத் தாண்டி நின்னாங்க. பச்சை விழுந்தப்புறமும் நின்னாங்க."

கணவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "என்னம்மா இது?"

"நம்ம ஊர்ல ஸ்டியரிங் ஒரு பக்கம், இங்க ஒரு பக்கம். தலையே சுத்திடுச்சுடா."

"பரவால்ல விடுங்க. அடுத்த மாசம் இன்னொரு தடவை…"

"செத்தாலும் மாட்டேன். பட்ட அவமானம் போதும். இனிமே இந்த ஊர்ல ஸ்டியரிங்கைத் தொட்டேன்னா என்னன்னு கேளு."

மருமகள் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். தோள் குலுங்கியது என்னவோ நிஜம்.

"அப்போ கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாம் யாரு ஓட்டறது? நான் வாரத்துல பாதி நாள் வெளியூர்லல்ல இருக்கேன்?" என்று கணவன் தலையைச் சொறிந்தான்.

"என்னைக் கேட்டா?"

"வேற வழியே இல்லை. இவளைத்தான் கிளாஸ்ல சேர்க்கணும்."

"இவளையா?" மாமியார் மருமகளை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாம் உன் தலையெழுத்து. சேர்த்துத் தொலை. வந்ததுதான் வந்தோம், இப்பவே பேரைக் குடுத்துடு. இதுக்குன்னு இன்னொரு நாள் அலைய முடியாது."

கணவன் முனகிக்கொண்டே உள்ளே போனான்.

மருமகளுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. மாமியார் வண்டியின் பானெட்டில் கை வைத்து நின்றார். குழந்தையைத் தூங்க வைப்பது மாதிரி அந்தக் கை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. பார்க்க என்னவோ போல் இருந்தது அவளுக்கு. எத்தனை வருஷமாக ஓட்டிய கை!

"மனசுல வெச்சுக்காதீங்க அத்தை" என்றாள். இந்தத் தடவை உண்மையாகவே. "டெஸ்டுன்னா யாருக்கும் பதட்டம் வரத்தான் செய்யும்."

மாமியார், மகன் உள்ளே போய்விட்டானா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"நான் பாஸாகியிருந்தா அவன் உன்னை இந்த ஜென்மத்துல வண்டியைத் தொட விட்டிருக்க மாட்டான்டி. பாஸ் பண்றது எனக்கு ஒரு வேலையா? யார் மேலயும் இடிக்காம ஃபெயிலாகறது எப்படின்னுதான் நேத்து பூரா மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டேன்!"