தோளில் ஒரு தட்டு

வெள்ளவத்தையில் சைகை மொழி வகுப்புக்கென்று எடுத்த மண்டபத்தில் காலை வெயில் கதிரைக் கால்கள்வரை வந்து கிடக்கிறது. கடலோர ரயில் போக ஜன்னல்கள் அதிர்ந்து அடங்குகின்றன. இரவுக் கடமை முடித்து நேரே வந்த பொலிஸ்காரர்கள், காது கேளாத ஆசிரியை யதுஷா செய்து காட்டும் சைகைகளையெல்லாம் அரைத்தூக்கத்தில் அப்படியே திருப்பிச் செய்கிறார்கள்: தண்ணீர், வீடு, பயப்பட வேண்டாம். “காது கேளாத ஆக்கள் உங்களைக் கூப்பிட வேணுமெண்டா தோளில தட்டுவினம், கோவிக்கக் கூடாது” என்று அவளுடைய கைகளைப் பார்த்து மொழிபெயர்க்கும் கௌரி தமிழிலும் பிறகு சிங்களத்திலும் சொல்கிறாள். முன்வரிசையில் சார்ஜன்ட் மக்கீன் நன்றாகவே தூங்கிவிட்டார். யதுஷா சிரித்தபடி போய் அவர் தோளில் தட்டுகிறாள். அவர் திடுக்கிட்டு எழும்புகிறார்; எழும்பும்போதே அடிக்கக் கையை ஓங்கிவிடுகிறார். சட்டென்று அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். பின்வரிசைகளில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இதுதான் அடுத்த சொல்லாக்கும் என்று நினைத்து, காக்கிச் சட்டைக்காரர் ஒவ்வொருவராய் இரண்டு கைகளாலும் முகத்தை மறைக்கிறார்கள். “இதுக்கு என்ன கருத்து, மிஸ்?” என்று ஒருவர் கைகளுக்குள்ளிருந்து கேட்கிறார். கௌரி சார்ஜன்டின் கையைப் பார்க்கிறாள். அது இன்னும் கீழே இறங்கவில்லை.