ஊசிக் காது

சாவியைக் கொடுத்தால்தான் சந்தனம். மண்டப வாசலில் மங்களம் போட்டிருக்கும் சட்டம் அது.

செகந்திராபாத்தில் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் வரவேற்பு மேஜையருகே அவள்தான் நிற்பாள். பட்டுப்புடவை, கழுத்தில் இஞ்ச் டேப். தையல்காரி கல்யாணத்துக்கு வந்தாலும் தையல்காரிதானே! ஸ்கூட்டரில் வரும் பையன்கள் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஆளுக்கு ஒரு நிற நூலால் சாவியை டேப்பில் கட்டிக்கொள்வாள்.

திரும்பப் போகும்போது சும்மா கேட்டால் கிடைக்காது. ஊசியும் நூலும் கொடுப்பாள். கோத்துக் காட்டினால் சாவி. இல்லாவிட்டால் பஸ்.

ஸ்கூட்டருக்குப் பேர் பதிந்துவிட்டு ஆறு வருஷம் தவம் கிடந்த பையன்கள். லோத்குண்டாவில் இருக்கும் மிலிட்டரிக்காரர் யாராவது ஒருவர் தயவில் ரம் வந்துவிடும். முகூர்த்தம் முடிந்ததும் ஒரு கூட்டம் சமையல்கட்டுக்குப் பின்னால் காணாமல் போகும். அப்புறம் வாசலில் வந்து நூலை எச்சில் பண்ணி எச்சில் பண்ணி ஊசியோடு மல்லுக்கட்டும். பார்க்கிறவர்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

மங்களம் சிரிக்கமாட்டாள். கோக்கிறவன் முகத்துக்கு நேரே குனிந்து நிற்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இப்படி ஒரு கல்யாண மத்தியானம், குடித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்த அவளுடைய ஒரே மகன் வேணு திரும்பி வரவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் அவளை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

இன்றைக்குப் பேசினான் ஒருவன். வேறு யார், அவள் அண்ணன் மகன் இளங்கோவன்தான். மல்லாபூர் தொழிற்சாலையில் வேலை, புது ஸ்கூட்டர், போதாததற்குக் கல்யாணப் பெண்ணின் அண்ணன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஏறிய மெட்ராஸ் ரயில் தாமதமாகி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறதாம். ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவர வேண்டும். சம்பந்தி வீட்டார் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊசியக் குடுங்க அத்தை."

வாங்கினான். கை துளிகூட ஆடவில்லை. ஒரே தடவை, நூல் காதுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிட்டது. சிநேகிதர்கள் கைதட்டினார்கள்.

மங்களம் நிமிர்ந்தாள். "சாவி கிடையாது. ஆட்டோவுல போ."

"ஏன்? அதான் கோத்துட்டேன்ல!"

அவள் அண்ணன், பெண்ணின் அப்பா துரைராஜ் ஓடிவந்தார். சம்பந்தி முன்னால் மானத்தை வாங்காதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மங்களம் இரண்டு கையாலும் டேப்பைப் பிடித்துக்கொண்டாள். கோபித்துக்கொள்ளட்டுமே. கோபத்தை நாளைக்குக்கூட ஆற்றிக்கொள்ளலாம்.

இளங்கோவனின் காதைப் பிடித்துத் தூண் பக்கம் இழுத்துப் போனாள். அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"ஊசிய யாருடா பார்த்தா? வாய ஊதுன்னு சொன்னா எவனாவது ஊதுவானா? ஊசியக் குடுத்தா மூஞ்சிய அவனே கிட்டக் கொண்டுவந்துடுவான். குப்புனு அடிக்குது உன் வாய்!"

இளங்கோவன் அசடு வழிந்தான். "கொஞ்சம்தான் அத்தை. நான் ஸ்டெடியாத்தானே இருக்கேன், நீங்களே பார்த்தீங்கல்ல?"

"வேணுவும் ஸ்டெடியாத்தான் இருந்தான்." "குடிச்சிருக்கியாடான்னு கேட்டேன். ஊசியக் குடும்மா, கோத்துக் காட்டறேன்னான். உன்ன மாதிரியே ஒரே தடவையில கோத்தான். அன்னிக்கு நான் ஊசிய மட்டும்தான் பார்த்தேன். என் கையாலயே சாவிய எடுத்துக் குடுத்தேன்."

இளங்கோவன் தானே தெருவில் இறங்கிப்போய் ஆட்டோவை நிறுத்தினான்.

"இருடா!" மங்களம் பின்னாலேயே போய் ஒரு பீடாவை அவன் வாயில் திணித்தாள். "பெரியவர் மூஞ்சியில ஊதி வைக்காதே."

ஆட்டோ திரும்பி மறையும்வரை பார்த்தாள். அவன் கோத்த நூலை ஊசியிலிருந்து உருவினாள். மேஜைக்கு வந்து, வரிசையில் நின்றவனிடம் ஊசியை நீட்டினாள்.

"கிட்ட வாப்பா."