நிறுத்தத்தில் நின்ற பேருந்து

அன்று ஓட்டுப்பதிவு. சாவடியெல்லாம் கிடையாது, காலையில் முதலில் எதில் ஏறுகிறோமோ அதுதான் ஓட்டு. அரசுப் பேருந்தில் ஏறினால் பேருந்துகள் கூடும், தனியார் வண்டி எதில் ஏறினாலும் சாலை அகலமாகும். சாலை அகலமானால் இடிக்க, எஸ்தரின் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே கோடு போட்டாயிற்று.

தெருவே நிறுத்தத்தில் காத்திருந்தது. வழக்கமான அரசுப் பேருந்தின் பச்சை நிறத்தில் ஒரு பேருந்து சரியாக அங்கேயே வந்து நின்றது. ஓடிவந்தவர்களுக்காகக் காத்தும் நின்றது.

எஸ்தர் படியில் கால் வைக்காமல் நின்றாள். "நம்மூரு பஸ்ஸு என்னைக்குடி நிறுத்தத்துல நின்னுச்சு?"

"நல்லது நடந்தாலும் சந்தேகமா? ஏறுங்க மதினி," என்று பக்கத்துவீட்டுச் சொர்ணம் அவளைத் தள்ளிக்கொண்டு ஏறினாள்.

"பாத்து ஏறுங்கம்மா," என்று கண்டக்டர் சிரித்தார்.

கதவு மூடியதும் எல்லோருடைய கைபேசியும் வரிசையாகச் சிணுங்கியது: "தனியார் வாகனம். சாலை அகலத்துக்கு உங்கள் ஓட்டு பதிவானது."